சாரைக்குச் சுற்றிய காடாத் துணி

ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஓடுவது காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணிதான். எங்களுக்கும் நான்கு தறி உண்டு. வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் மாமனார் போட்டுவைத்தது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டினேன், வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்ததால். இழை அறுந்தால் பிணைக்கவும், நூல் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கவும், லாரிக்காரனுக்குப் பதில் சொல்லவும் பழகிக்கொண்டேன். என் வாய்க்குத் தெருவே பயப்படும். அந்த வாய் ஒரு நாள் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. தறியிலிருந்து இறங்குகிற துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, நூலுக்குப் போட்ட கஞ்சியின் மொடமொடப்போடு, ஒரு புளிச்ச வாடையோடு இருக்கும். அதற்குக் காடா என்று பெயர். சலவைப் பட்டறையில் வேகவைத்து, வெளுத்து, காயவைத்து வந்த பிறகுதான் அது காயத்துக்கு ஆகும். காடாவில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சுருங்கும், கஞ்சியும் சேர்ந்து இறுகும். எங்கள் ஊரில் இது தெரியாத ஆளே கிடையாது.

வீட்டுக்காரருக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்சிங் வேலை. கட்டுப் போடுவது, ஊசி போடுவது, தையல் போடுவது எல்லாம் செய்வார். லீவில் வந்தால் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். காது குத்திப் புண்ணான பிள்ளை, கால் ஆணி வந்த கிழவர், ஊசி எழுதிக்கொடுத்த சீட்டோடு வருகிற பெண்கள் என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். "உன் தறியில நெய்யுற துணி என் கையில வந்துதான்ட்டி சேருது" என்று என்னைக் கேலி செய்வார். எனக்கும் அதில் ஒரு பெருமைதான்.

எண்பதுகள் முடிகிற சமயம் சர்வீஸ் முடிந்து வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். மலைப் பாதையில் ஒரு பட்டாள வண்டி கவிழ்ந்ததாம். அதில் வ. புதுப்பட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தானாம். நம்ம பக்கத்துப் பிள்ளை என்று இவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன். காயத்தை இவர் கையால் அழுத்திப் பிடித்தபடியே இருந்திருக்கிறார். உதவி வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டான். ஊருக்கு வந்த மறு வாரம் வ. புதுப்பட்டிக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கடைசியில தண்ணி கேட்டானாய்யா?" இவர் எழுந்து பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். திரும்பி வந்ததும் மருந்துச் சாமான் இருந்த டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதன் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் "எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு" என்பார். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். ஷெட் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் இல்லை.

நான் திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பழைய ஆள் வேண்டும், அவ்வளவுதான். கேலி செய்கிற அந்த ஆள் வேண்டும்.

சாரைப்பாம்பு ஒன்று அதற்கு முன்னாலேயே எங்கள் ஷெட்டுக்குப் பழக்கம். தறியில் நீளவாக்கில் ஓடுகிற, கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடித்துக் குதறும். எலிக்காகச் சாரை வரும். ஆள் நீளத்துக்கும் மேலே, மஞ்சள் ஓடின பழுப்பு நிறம். பகலில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறேன். விஷமில்லாதது, என் பாவு நூலைக் காப்பாற்றுகிறது, அதன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் கரண்ட் போனது. நான்கு தறியும் நின்றதும் ஷெட் கப்பென்று அடங்கிவிட்டது. அந்த அமைதியில் சாரை எலியைத் துரத்திக்கொண்டு மூன்றாவது தறியின் மோட்டார் பக்கம் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. சுவிட்சையும் யாரும் அணைக்கவில்லை. கரண்ட் வந்தது, தறி ஓடியது, பெல்ட்டில் சாரை மாட்டியது. சத்தம் மாறியதைக் கேட்டு நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நடு உடம்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து தொங்க, அது தரையில் வந்து விழுந்தது. ஓடப் பார்த்தது, முடியவில்லை. முன்பக்கம் நகர்ந்தது, பின்பக்கம் வரவில்லை.

எங்களிடம் கூலிக்குத் தறி ஓட்டுகிற பெண் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்கக்கா, ஒரே போடா போட்டுருதேன். அரை உசுரா விடுறது பாவம்" என்றாள். அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

"அடிக்காத."

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக வந்து பாம்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் காயத்தையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமல், "ஏட்டி, என் பெட்டியை எடுத்துட்டு வா" என்றார்.

 ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்து அந்தப் பெட்டியை இழுத்தேன். பெட்டியோடு ஒரு மிலிட்டரி கம்பளிக் காலுறையும் கேட்டார். அதைப் பாம்பின் தலையில் மாட்டிவிட்டார். கண் மறைந்ததும் அது அடங்கியது. "இருட்டா இருந்தா பயம் கொறையும், மனுசனுக்கும் இப்படித்தான்" என்றார். நான் வாலைப் பிடித்தேன், தறிக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்தைப் பிடித்தாள். உப்புத் தண்ணீரில் கழுவினார். ஊதாக் கலர் மருந்தைக் கரைத்து ஊற்றினார். ஊசியை எடுத்தார். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி கைக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. செதிலுக்கு இடையில் விட்டு விட்டு ஏழு தையல் போட்டார்.

"பேண்டேஜ் குடு, ரெண்டு இஞ்ச்" என்று கையை நீட்டினார்.

அன்று காலையில்தான் வெளுத்த ரோல் அத்தனையும் லாரியில் ஏறிப் போயிருந்தது. பேண்டேஜ் நெய்கிற வீட்டில் ஒரு முழம் பேண்டேஜ் இல்லை. இரண்டு தெரு தள்ளி என் சித்தி வீட்டில் கேட்டால் கிடைக்கும், போக வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் இவர் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டால்? கை மறுபடி நடுங்க ஆரம்பித்துவிட்டால்? தறியில் நின்ற துணியில் கத்திரிக்கோலை வைத்து நீளமாக வெட்டிக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

கையில் வாங்கியவர் ஒரு விநாடி நிறுத்தினார். "வெளுத்ததுதானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் சுற்றிக் கட்டினார். விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் கட்டினார். நான் பார்த்தேன்.

ஊடை நூல் சுற்றின கட்டைகளைப் போட்டு வைக்கிற மரப்பெட்டியைக் காலி செய்து, அடியில் மணல் பரப்பி, சாரையை அதில் விட்டோம். அன்று ராத்திரி அவர் கூப்பிடாமலே சாப்பிட வந்தார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் ரசச் சட்டியையே அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் சவரம் செய்துகொண்டு, ராஜபாளையத்துக்குச் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரைப் பார்த்துக் காயத்துக்குத் தூவுகிற பவுடர் வாங்கிவந்தார். "பாம்புக்கு பேண்டேஜான்னு டாக்டரு சிரிச்சாரு. தையலைப் பத்திச் சொன்னதும் எந்திரிச்சு நின்னுட்டாரு" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். தெருப் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். "சித்தப்பா, சாரைக்கு மிலிட்டரியில பென்சன் உண்டுமா?" என்று யாரோ கேட்டதற்கு, "உண்டு, ஆனா கையெழுத்துப் போடத் தெரியணும்" என்றார். தறிச் சத்தத்துக்கு நடுவில் நான் அதைக் கேட்டேன். என் ஆள் திரும்பிவிட்டார். இந்தப் பாம்பு பிழைத்தால் போதும், இவர் இப்படியே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். பாம்பைப் பற்றி நான் வேண்டியதெல்லாம் இவருக்காகத்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார். மலைக்காட்டைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ் அங்கே இருக்கிறது. சாரைக்குச் சரியானதும் எங்கே கொண்டு விடுவது என்று கேட்க வேண்டுமாம். "சாயங்காலம் வந்துருவேன். வெயில் எம்புட்டு அடிக்குது பாரு, அதைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. பெட்டிக்குள் கையை விட்டால் அடுப்பாங்கரை மாதிரி இருந்தது. சாரை வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குப் பாவமாக இருந்தது. வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அதன் மேல் தெளித்தேன். கொஞ்சம் அசைந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். வெயிலில் காய்ந்ததும் மறுபடி தெளித்தேன். மத்தியானத்துக்குள் நாலு தடவை தெளித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் துணி நனைந்தது, காய்ந்தது. பாவு அறுந்ததைப் பிணைக்கவும், நூல்காரரோடு கத்தவும் நடு நடுவே ஓடினேன். இத்தனை வருஷம் காடாவோடு புழங்கினவள், அந்த ஒரு நாள் காடாவை மறந்துவிட்டேன்.

அஞ்சு மணி பஸ்ஸில் வந்தார். கையில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு எனக்கென்று ஒன்று வாங்கிவந்தது அதுதான் முதல் தடவை. "செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் கொண்டு வந்து விடச் சொல்லிட்டாவ. ஒரு மாசம் போகட்டும், நாம ரெண்டு பேருமே போயிட்டு வருவோம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

சாரை அசையவில்லை. தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டைத் தொட்டுப் பார்த்தார். கத்திரிக்கோலை எடுத்துத் துணிக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. அட்டை மாதிரி விறைத்துப்போயிருந்தது துணி. ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்தார். அடியில் உடம்பு பாதியாக ஒடுங்கி, துணியின் கண்ணி கண்ணியான தடம் செதிலில் பதிந்திருந்தது. தையல் ஏழும் பிரியாமல் அப்படியே இருந்தது.

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "நான் இறுக்கிக் கட்டிட்டேன்" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். தெருவையே அடக்குகிற வாய் ஒட்டிக்கொண்டது. சொன்னால் என்னை நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வையைத் தாங்க முடியாதே என்று பயந்தேன். எனக்காகப் பயந்தேன், வேறொன்றுமில்லை. சும்மா நின்றேன்.

ஷெட்டுக்குப் பின்னால் வேலிக்கருவை ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார். நல்லபாம்பு என்றால் பால் ஊற்றித் துணி போட்டு எரிப்பார்கள். சாரைக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் இவர் தன் காலுறையை மறுபடி அதன் தலையில் மாட்டிவிட்டுப் புதைத்தார். பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பால்கோவாவை எறும்பு மொய்த்தது. இரண்டு நாள் கழித்து அதையும் நான்தான் அள்ளிக் கொட்டினேன்.

பிறகு மாட்டு டாக்டரைச் சந்தையில் பார்த்தபோது, முதுகெலும்பில் அடி, அது எப்படியும் போயிருக்கும் என்று சொன்னார். இருக்கலாம். அந்தத் தடத்தைப் பார்த்தவள் நான், எனக்கு அது சமாதானமாக இல்லை.

விரல் நடுக்கம் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வருஷம் அதே தறிக்காரப் பெண்ணின் விரல் தறியில் மாட்டி நசுங்கியது. ரத்தம் சொட்டச் சொட்ட, "அண்ணே, ஒரு கட்டுப் போட்டு விடுங்கண்ணே" என்று இவர் முன்னால் வந்து நின்றாள். இவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பெட்டியை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "என் கட்டு ஒத்துவராதும்மா, ராஜபாளையம் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த மனுஷன் எழுந்து நிற்பார் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஏழு வருஷம் தள்ளிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சர்க்கரை கூடியது. இடது காலில் வந்த புண் ஆறவே இல்லை. ராஜபாளையத்தில் காட்டி, மருந்து வாங்கி, தினமும் காலையில் நான்தான் கட்டு மாற்றுவேன். எங்கள் தறியில் நெய்து, வெளுத்து வந்த துணிதான். கட்டுவதற்கு முன்னால் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"வெளுத்ததுதானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் கையிலிருந்து துணி கீழே விழுந்துவிட்டது.

"எதுக்கு இப்பக் கண்ணைக் கசக்குத?" என்றார்.

"அன்னைக்குச் சாரைக்கு நான் குடுத்தது காடாங்க. தறியிலருந்து வெட்டிக் குடுத்தேன். நீங்க வில்லிபுத்தூர் போயிருந்தப்ப நாலு தடவை தண்ணியும் தெளிச்சேன். நீங்க இறுக்கிக் கட்டல. நான்தான் கொன்னேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கையில வாங்குனப்பவே. தறிக்காரன் வீட்டுல பொறந்தவனுக்குக் காடா தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறவு ஏன் கட்டுனீங்க? போய் வேற வாங்கிட்டு வாடின்னு சொல்ல வேண்டியதுதான?"

"நீ போயிட்டு வாரதுக்குள்ள நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல." காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார். "மறுநாள் அவுத்துட்டு நல்ல துணி கட்டணும்னுதான் இருந்தேன். எந்தக் கட்டா இருந்தாலும் மறுநாள் அவுத்துப் பாக்கணும். சின்ன வயசுலருந்து செஞ்ச வேலை அது. மறந்துட்டேன்."

"நீங்களா? எப்படி மறப்பீங்க?"

"ரெண்டு நாளும் சந்தோசமா இருந்தேன்லட்டி. அதுல மறந்துட்டேன்."

 ஏழு வருஷமாக அந்த உண்மையை இவரைத் திறக்கிற சாவி என்று மடியில் கட்டிக்கொண்டிருந்தேன். அது அவரிடமும் இருந்திருக்கிறது. அதனால் ஒன்றும் திறக்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கணும் நான்" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்" என்றார். பிறகு, "கட்டு, நேரமாகுது" என்று காலை நீட்டினார். நான் கட்டினேன். விரல் நுழைகிறதா என்று அவரே சோதித்துப் பார்த்து, "நல்லாத்தான் கட்டுத" என்றார்.

அந்த ஐப்பசியில் அவர் போய்விட்டார். விடிந்து கொஞ்ச நேரத்தில், தறிச் சத்தம் தெருவில் தொடங்குவதற்கு முன்னால். சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க நாடியைச் சுற்றித் தலையோடு கட்ட வேண்டும், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். "துணி கொண்டாங்க" என்று அவருடைய பெரியப்பா மகன் கேட்டார். யாரோ ஷெட்டுக்குள் போய்த் தறியில் நின்ற துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். நீளமான, பழுப்புத் துணி. அது என்னைத் தாண்டிப் போகும்போது கஞ்சி வாடை அடித்தது.

எழுந்து அந்தத் துணியைப் பிடுங்கினேன்.

"இது காடா. குளிப்பாட்டும்போது நனையும். காஞ்சா இறுகும்" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. "மதினிக்குப் புத்தி கலங்கிப்போச்சு, பிடிச்சு உக்கார வைங்க" என்று பெரியப்பா மகன் சொன்னார். நான் யாரையும் பக்கத்தில் விடவில்லை. உள்ளே போய் வெளுத்த ரோலை எடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். அளந்து வெட்டிக்கொண்டு வந்து நானே கட்டினேன்.

"நல்லா இறுக்குங்க மதினி, இல்லாட்டி வாய் தொறந்துரும்."

"தொறந்தாத் தொறக்கட்டும்" என்றேன். கட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. அப்புறம்தான் அவரைக் குளிப்பாட்ட விட்டேன்.